ஒற்றைத் தும்மல்

"மருந்து வேலை செய்யலம்மா. இத்தோட மூடிடலாம்னு எழுதிட்டேன்" என்றார் டாக்டர் நந்தகுமார்.

சிரங்கு வராமல் தடுக்க மூக்கில் அடிக்கும் மருந்து அது. ஆறு வருஷமாக மனிதர் அதற்காகவே உயிரை விட்டுக்கொண்டிருந்தார். உத்திரமேரூரைச் சுற்றி ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு அதை அடித்தவள் நர்ஸ் இளவரசி. சோதனைக்காகப் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பது நேற்றுவரை அவளுக்கே தெரியாது. இன்று பட்டியலைப் பிரித்துப் பார்த்தால், மருந்து வாங்கியவர்களில் ஒன்பது பிள்ளைகளுக்குச் சிரங்கு.

பெயர்களைப் படித்தாள். ஏழு பேரின் முகம் நன்றாக நினைவிருந்தது. ஏழு பேரும் மருந்து அடித்ததும் ஒரே ஒரு தும்மல் போட்டவர்கள்.

ஒற்றைத் தும்மல் ஆகாதென்று பெற்றவள் பதறுவாள். "இன்னொன்னு வர வைம்மா, நல்ல காரியம் பண்ணிக்கினு கீறோம்" என்பாள். இளவரசியும் அந்தப் பக்கத்துக்காரிதானே? பஞ்சைத் திரித்து மூக்கில் விடுவாள். இரண்டாவது தும்மலில் மருந்தெல்லாம் தெறித்து வெளியே வந்துவிடும். தாய் முந்தானையால் துடைத்துவிட்டுச் சிரிப்பாள், இவளும் சிரிப்பாள். படித்த படிப்பு அந்த நேரத்தில் எங்கே போயிற்றோ!

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால், நல்ல மருந்தாகவே இருந்தாலும் இன்றோடு அதன் கதை முடிந்தது. சொல்லிவிட்டாள்.

நந்தகுமார் கத்தவில்லை. "ஏம்மா இதை எழுதி வைக்கல?"

"தப்புன்னே தோணல சார்."

அறிக்கையை மூடி ஓரமாக வைத்தார். "மறுபடி முதல்லேர்ந்து பண்ணணும். ஆனா நீ வேணாம்மா."

அவளுக்கு அது வேண்டியதுதான். அங்கிருந்து நேராக, அந்த ஏழு பேரில் ஒருத்தியைப் பெற்ற கோவிந்தம்மாள் வீட்டுக்குப் போனாள். ஐந்து வயது திவ்யாவுக்கு விரலிடுக்கெல்லாம் சீழ். களிம்பு தடவினால் ஆறும், மாதம் திரும்பினால் மறுபடி வந்து நிற்கும். பிள்ளை சோற்றைக் கையில் எடுக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தது. இளவரசி ஒன்றையும் மறைக்கவில்லை.

கோவிந்தம்மாள் மகளின் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு, "நான்தானடி கேட்டேன், உன்ன இன்னா சொல்றது" என்றாள். "மறுபடி போடுவாங்கல்ல? மொத ஆளா இத்த இட்டாறேன். மூச்சு வுடக்கூட நான் சொல்லாம வுடமாட்டா."

"ஒருவாட்டி போட்ட புள்ளைய சேத்துக்க மாட்டாங்கக்கா."

கோவிந்தம்மாள், சொறியப் போன மகளின் இரண்டு கைகளையும் எட்டிப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.