தொலைபேசி எண் இல்லாத வாசகர்கள்

நூலகங்களுக்கான அந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். அதை எழுதுகிற ஆறு பேரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. புதிய பதிப்புக்காக அவர்களை ஒரே தேதிக்கு இழுத்து வருவதுதான் அவள் பொறுப்பு. நிரல் எழுத அவளுக்கு வராது. ஆனால் யார் வேலையை முடித்தார், யார் மூன்று வாரமாக “இதோ ஆச்சு” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் விரல் நுனியில்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வெளியீடு. பத்தே கால் வரை அவள் பட்டியலில் ஒன்றுதான் பாக்கி: உண்மையான நூலகம் ஒன்றில் சோதனை. அதற்காக நாத்தனாரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தாள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறை நூலகம் நடத்துகிறவர் அவர். எதையும் லேசில் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட மாட்டார்.

போன் அடித்தது.

“ஏம்மா, உன் புதுசு என் பிள்ளைங்களை முழுங்கிடுச்சே!”

“எந்தப் பிள்ளைங்க, அண்ணி?”

“புத்தகம் எடுக்க வர்ற பிள்ளைங்கதான். பழசுல இருநூத்திப் பத்து பேர் இருந்தாங்க. இதுல நூத்தி நாப்பத்தாறு. பெரியவங்க அத்தனை பேரும் இருக்காங்க, குட்டிங்க ஒண்ணுகூட இல்ல.”

“பழசுல ஒரு பிள்ளையோட பக்கத்தைத் திறந்து படிங்களேன்.”

“பேரு, வகுப்பு, விலாசம். போன் நம்பர் காலி. ஏழு வயசுக்கு ஏது போன்?”

அவளுக்குச் சுருக்கென்றது. நினைவூட்டல் அனுப்ப வசதியாக, இந்தப் பதிப்பில் தொலைபேசி எண்ணைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். சோதனைக்காக அவர்கள் கற்பனையில் உண்டாக்கிய வாசகர்கள் எல்லாரிடமும் போன் இருந்தது.

உடனே குழுவுக்கு எழுதினாள்: ‘இன்று வெளியிட வேண்டாம்.’ அடுத்த நிமிடம் புயல் அழைத்தார். ஆறு பேரில் வேகமான நிரலாளர் என்பதால் வந்த பட்டப்பெயர்.

“அறிவிப்பெல்லாம் தயாரா இருக்குங்க. வெளியிட்டுட்டு நாளைக்குச் சரி பண்ணிக்கலாமே?”

“அறுபத்துநாலு பிள்ளைங்க, அதுவும் ஒரே ஒரு நூலகத்துல. வந்து நிக்கறப்ப ‘நீ பட்டியல்லயே இல்ல’ன்னு சொல்லணுமா? நான் தலையாட்ட மாட்டேங்க.”

“எவன் இதைக் கட்டாயமாக்கினான்னு பார்க்கறேன்.” விசைகள் தடதடத்தன. “...நான்தாங்க.”

“யாரா இருந்தா என்ன? எவ்வளவு நேரம் ஆகும்?”

“மூணு மணி நேரம்.”

“நாளைக்குக் காலைல பத்து மணின்னு வெச்சுக்கலாம். நிதானமாவே பண்ணுங்க.”

நான்கு வருடத்தில் அவள் தேதி தவறியது இதுதான் முதல்முறை. ஒத்திவைப்பு அறிவிப்பு இரண்டே வரி. அதை எழுத அரை மணி நேரம் பிடித்தது. ஊரெல்லாம் கேள்வி கேட்கும் என்று பயந்தாள். வந்தது ஒரே ஒரு பதில், ஏதோ ஒரு பள்ளி நூலகத்திலிருந்து: ‘நல்லவேளை.’ அதைப் படித்த பிறகுதான் எழுந்து போய்க் குளித்தாள்.

ஞாயிறு காலை நாத்தனார் எண்ணிப் பார்த்துச் சொன்னார்: “இருநூத்திப் பத்தும் வந்தாச்சு.” பத்து மணிக்குப் புதிய பதிப்பு வெளியானது. நன்றிப் பட்டியலில் நாத்தனாரின் பெயரைப் புயலே சேர்த்திருந்தார்.

மதியம் மறுபடி போன்.

“நன்றி எல்லாம் சரிம்மா. என் பேர்ல ஒரு துணைக்கால் விட்டுப்போச்சே. இதையும் என்கிட்ட சோதிக்கக் குடுத்திருக்கலாம்ல?”

அவள் சிரித்துக்கொண்டே பட்டியலைத் திறந்து அந்தக் காலைப் போட்டாள்.