சாமி மாடத்து மஞ்சள் மாத்திரை

லோகேஸ்வரிக்கு எதுவானாலும் முதலில் சாமி மாடத்தில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். புதுச் சேலையோ கிளினிக்கு மருந்தோ, மாரியம்மன் படத்தடியில் ஒரு ராத்திரி இருந்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். லாபு என்னும் ஊரின் செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், பிறந்த பழக்கம். செம்பனைக் குலை லோரி ஓட்டும் அவள் கணவன் சசிதரன், "விட்டா என்னையும் தூக்கி அங்க வெச்சிருவ" என்பான்.

கர்ப்பம் என்றதும் கிளினிக்கில் கொடுத்த மஞ்சள் மாத்திரைகளும் அங்கேதான் போயின. பிள்ளையின் மூளைக்கும் முதுகெலும்புக்கும் நல்லது என்று தாதி சொல்லியிருந்தாள்.

ஆனால் உள்ளே பிள்ளை இல்லை. முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்றார்கள். கரு உருவாகாமல் நஞ்சுக்கொடி மட்டும் திராட்சைக் கொத்தாக ஊதிப் பெருத்திருந்தது. சுத்தம் செய்த பிறகும் பாழாய்ப்போனது விடவில்லை. ஒட்டியிருந்த மிச்சம் புற்றுநோயாக வளர்ந்தது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கான ஊசி தொடங்கினார்கள்.

மாத்திரைகள் மாடத்திலேயே இருந்தன. சாமிக்கு வைத்ததை யாராவது குப்பையில் போடுவார்களா? விளக்கேற்றி, திருநீறு பூசி, தினமும் ஒன்றை விழுங்கிவிடுவாள். சத்து மாத்திரைதானே, கெடுதல் என்ன வந்துவிடப் போகிறது? இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வராமல் போன பிள்ளைக்கென்று அவள் கையில் மிஞ்சியது அது ஒன்றுதான். நிறுத்தினால் பிள்ளையைக் கைவிட்டது போல இருக்கும்.

ஊசிமேல் ஊசி ஏறியும் ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் அளவு இறங்கவில்லை. அது இறங்கினால்தான் நோய் போகிறது என்று அர்த்தம். ஊசி போட்டு வந்த டாக்டர் நஸீமா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இது புடிக்கலன்னா அடுத்து பல மருந்து கலந்து ஏத்தணும்லா. உடம்பு ரொம்ப கஷ்டப்படும். வேற ஏதும் மருந்து சாப்புடுறீங்களா?"

"ஜாமு, நாட்டு மருந்து ஒன்னும் தொடுறதில்ல டாக்டர்" என்றான் சசிதரன். லோகேஸ்வரியும் தலையாட்டினாள். சாமி மாடத்தில் இருப்பதை அவள் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

"இந்த ஊசி என்னதான் செய்யுது டாக்டர்?" என்று கேட்டாள் லோகேஸ்வரி.

"பட்டினி போடுது. வேகமா வளர்ற எதுக்கும் போலேட்டுன்னு ஒரு வைட்டமின் வேணும். அது இல்லாம ஒரு செல்லு ரெண்டாக முடியாது. ஊசி அந்த வைட்டமின வேலை செய்ய விடாது. நல்ல செல்லு சாகாம இருக்க, ஊசிக்கு மறுநாள் நாங்களே அளவு பாத்து அதே குடும்பத்து மாத்திரை ஒன்னு குடுக்குறோம்."

"போலேட்டுன்னா?"

"கீரையில இருக்கும். கர்ப்பிணிக்குக் குடுக்குற மஞ்சள் மாத்திரையும் அதான்."

லோகேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிள்ளைக்கு முதுகெலும்பு கட்டும் அந்தத் துளி மாத்திரையா இதற்கும் சோறு? பிள்ளையா நோயா என்று அதற்குத் தெரியாதா?

"நான் தினமும் சாப்புடுறேன் டாக்டர்" என்றாள்.

சசிதரன் அவளைத் திரும்பிப் பார்த்தான். டாக்டர் திட்டவில்லை.

"அதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா நாங்க பட்டினி போட, நீங்க சோறு போட்டிருக்கீங்க. நிறுத்துங்க. கொஞ்ச நாள் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

வீட்டுக்கு வந்ததும் மாத்திரைகளை மாடத்திலிருந்து எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பிள்ளைக்காக அவள் முதன்முதலாக அழுதது அன்றுதான். சசிதரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் எல்லாவற்றையும் மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அதன் பிறகு அளவு இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் இறங்கியது. கடைசியில் ரத்தத்தில் ஒன்றுமே இல்லை என்றார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை உண்ண முடியாமல், அவள் வயிற்றுக்குள்ளேயே செத்துப்போயிருந்தது. பாத்திரம் கழுவும்போதுகூட அதை நினைத்து அப்படியே நின்றுவிடுவாள்.

அடுத்த கர்ப்பத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தார்கள். கெடு முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் நஸீமா சிரித்துக்கொண்டே ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே அதே மஞ்சள் மாத்திரைகள்.

லோகேஸ்வரி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இதுவா டாக்டர்?"

"இதேதான். அப்ப வளரக் கூடாதது வளந்துச்சு. இனி வளர வேண்டியது வளரணும். கரு தங்குறதுக்கு முன்னயே சாப்புட ஆரம்பிக்கணும்லா."

அன்று சாயங்காலம் விளக்கேற்றினாள். சசிதரன் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் நின்றான். பொட்டலத்தை மாடத்தில் வைக்கவில்லை. ஒன்றை மட்டும் உள்ளங்கையில் எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு விழுங்கினாள்.