மாப்பிள்ளைக்குத்தான் பயம்

என் மாமனாரை அவர் குடியிருப்பில் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எந்தக் கப்பலுக்கும் கேப்டனாக இருந்ததில்லை. துறைமுகத்துச் சாமான் கிடங்கில் உட்கார்ந்து, கப்பல்காரர்களுக்குக் கயிறும் பெயிண்டும் எடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். யாரோ ஒருவர் மரியாதைக்காக ஒருமுறை கேப்டன் என்று அழைக்க, இவரும் மரியாதைக்காக மறுக்காமல் விட்டுவிட்டார். அப்புறம் ஒரு வெள்ளைத் தொப்பி வந்தது. கழுத்தில் தொலைநோக்கி வந்தது. குரல்கூடக் கொஞ்சம் கனத்துப்போனதாக என் மனைவி சொல்வாள்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு குடும்பம் மொத்தமும் இயற்கை நடைக்குக் கிளம்ப வேண்டும் என்பது கேப்டன் போட்ட சட்டம். வாசலில் நட்சத்திர விளக்கு, கூடத்தில் மின்மினி பல்புகள் சுற்றிய மரம், மேஜையில் சாயங்காலம் வெட்டுவதற்கென்று மூடி வைத்த கேக், நன்றாகச் சாய்ந்துகொள்ளத் தோதான சோபா. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெயிலில் இறங்க வேண்டும்.

"வீட்டுக்குள்ளயே உருண்டுகிட்டு இருந்தா அதுக்குப் பேரு பண்டிகையா? இயற்கையைப் பாக்கணும் மாப்பிள்ளை" என்பார்.

இயற்கை என்பது அவரைப் பொறுத்தவரை அவர் விளக்கம் சொல்வதற்காகப் படைக்கப்பட்ட பொருள். எது பறந்தாலும் "அரிய வகை" என்பார். ஒரு தடவை காக்கையையே அப்படிச் சொல்லிவிட்டார். வெயிலில் கண் கூசியிருக்கும் என்று அத்தைதான் சமாளித்தார்.

இன்னொரு சட்டமும் உண்டு. அதை யாரும் போடவில்லை, தானாகவே உண்டானது. கேப்டன் சொன்னதை அந்த வீட்டில் மறுத்துப் பேசுவதில்லை. மறுத்தால் திட்ட மாட்டார், கத்த மாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார். சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பண்டிகை வீடு இழவு வீடாகிவிடும். அதனால் அவர் கிழக்கு என்று மேற்கைக் காட்டினாலும் எல்லோரும் மேற்கே பார்த்து "ஆமா, அழகா இருக்கு" என்போம்.

இந்த வருஷம் அவர் காட்டியது கடலை.

கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் ஒரு பாறைத் தீவு. அதன்மேல் பழைய விளக்குக் கம்பம். கடல் உள்வாங்கும் நேரத்தில் அதுவரைக்கும் ஈர மணல் வழி ஒன்று வெளியே வரும். கரையில் ஒரு எச்சரிக்கைப் பலகை நட்டிருந்தார்கள். தண்ணீர் எப்போது திரும்பும் என்று கேட்டுவிட்டு இறங்கச் சொன்னது பலகை.

"அதெல்லாம் தெரியாதவங்களுக்கு" என்றார் கேப்டன். "தண்ணி திரும்பி வர இருட்டிடும். துறைமுகத்துல இருந்தவன் நான். எனக்கேவா?"

இறங்கினோம். முன்னால் கேப்டன், அவருக்குப் பின்னால் அத்தை, அப்புறம் என் மச்சான், என் மனைவி. கடைசியில் மகள் குட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நான். மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய பெரிய கம்பெனிகளுக்குப் போய், நெருக்கடியில் முடிவெடுப்பது எப்படி என்று வகுப்பெடுக்கிறவன். காலையில் அவனுக்குப் பரிசாகக் கிடைத்த புதுச் செருப்பு நனையக் கூடாதென்று அதைப் பாதி வழியில் ஒரு கல்மேல் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வந்தான்.

பொய் சொல்லக் கூடாது, நடை நன்றாகத்தான் இருந்தது. மணலில் கோடு கோடாக அலை எழுதிவிட்டுப் போயிருந்தது. சின்னக் குட்டைகளில் விரல் நகம் அளவுக்கு நண்டுகள். குட்டி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துக்கொண்டே வந்தாள். காற்றில் பாசி வாசனை. சோபாவை மறந்துவிட்டேன் என்றே சொல்லலாம்.

ஒரு நண்டைக் காட்டுவதற்காக அவள் என்னைத் திருப்பினாள். அப்போதுதான் பார்த்தேன். நாங்கள் பதித்துவிட்டு வந்த காலடிகளில் தண்ணீர் ஊறி நின்றது. பக்கத்துக் காலடியில் பாதி. அதற்கடுத்ததில் முழுசாக. அதற்கும் அப்பால் காலடியே இல்லை.

எட்டிப்போய் மனைவியின் தோளைத் தொட்டேன்.

"பாத்துட்டேன்" என்றாள், திரும்பாமலே.

"அப்ப சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க சொல்லுங்க. மாப்பிள்ளைன்னா அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"உன் அப்பா. நீ சொல்லு."

"நல்ல நாள் அதுவுமா நான் அவர் மூஞ்சியைத் தூக்க வைக்கணுமா? டேய், நீ சொல்லுடா."

மச்சான் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, பதட்டப்படக் கூடாது. முதல்ல நிலைமையை மதிப்பிடணும். அப்புறம் நமக்கு என்னென்ன வழி இருக்குன்னு..."

"உன் செருப்பு மிதக்குதுடா."

அவன் திரும்பிப் பார்த்தான். கல் இருந்த இடத்தில் கல்லைக் காணோம். புதுச் செருப்பு ஒன்று கரைப் பக்கமாக, எங்களை விட்டுவிட்டுத் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. வகுப்பு அத்தோடு முடிந்தது.

அத்தை முயன்று பார்த்தார். "ஏங்க, சாயங்காலம் ஆளுங்க வர்றாங்க. கேக்கு வேற எடுத்து வைக்கணும்."

"வரட்டும். தீவைத் தொட்டுட்டுப் போயிடலாம்."

"அப்பா, குட்டிக்குத் தூக்கம் வருது" என்றாள் என் மனைவி.

"எனக்கு ஒண்ணும் தூக்கம் வரலை" என்று என் தலைக்கு மேலிருந்து பதில் வந்தது.

நானும் என் பங்குக்கு, "வெளிச்சம் இறங்குதே மாமா, இனிமே பறவை எங்க தெரியப்போகுது?" என்றேன்.

"அதுக்குத்தானே இது இருக்கு" என்று தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு தீவைப் பார்த்தபடி நடந்தார்.

எங்கள் கணுக்காலைத் தண்ணீர் தொட்டுவிட்டது. முன்னால், இன்னும் வெகு தூரத்தில் இருந்த தீவுப் பக்கம்கூட மணல் தெரிந்தது. மோசம் பின்னால்தான். கரைக்கும் எங்களுக்கும் நடுவில் பள்ளமான இடமாகப் பார்த்துக் கடல் புகுந்திருந்தது. அகலமான பழுப்பு நிறத் தண்ணீர், ஆறு மாதிரி பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. அலை அடித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

கேப்டனை எட்டிப் பிடித்தேன். பக்கத்தில் போனபோதுதான் கவனித்தேன். தொலைநோக்கியின் இரண்டு மூடிகளும் கழற்றப்படவே இல்லை. மனிதர் கும்மிருட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தார். அதைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துக் கிடந்தன.

அவருக்குத் தெரியும். எங்கள் எல்லோருக்கும் முன்னாலேயே தெரிந்திருக்கும். ஆனால் திரும்புவோம் என்று சொல்ல அவரால் முடியாது. எங்களாலும் முடியாது. ஒருத்தருக்கொருத்தர் மரியாதை கொடுத்தபடியே குடும்பத்தோடு முங்கப் போகிறோம். என் தோளில் இருந்தவள் எதுவும் தெரியாமல் என் காதைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய சின்னக் குதிகால்கள் என் நெஞ்சில் தட்டின.

"மாமா, எனக்குப் பயமா இருக்கு!" என்று கத்தினேன்.

எல்லோரும் நின்றார்கள்.

"என்ன மாப்பிள்ளை?"

"பயமா இருக்கு. காலு நடுங்குது. இனி ஒரு அடி என்னால எடுத்து வைக்க முடியாது. என்னைக் கரைக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க மாமா."

தந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு எழுத்தும் நிஜம். குரல் உடைந்து பாதி அழுகையாக வந்தது.

கேப்டன் தொலைநோக்கியை இறக்கினார். தூக்குமேடையில் நின்றவனுக்கு விடுதலை உத்தரவு வந்தால் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அட, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார். பிறகு வானத்துக்கே கேட்கிற மாதிரி, "எல்லாரும் திரும்புங்க! மாப்பிள்ளைக்குப் பயம்!"

யாரும் திரும்பி நடக்கவில்லை. ஓடினோம்.

பள்ளத்தில் இறங்கியதும் முழங்கால், தொடை, இடுப்பு என்று தண்ணீர் ஏறியது. குளிர் எலும்பைக் கடித்தது. காலுக்கடியில் மணல் கரைந்து நழுவியது. மச்சான் அத்தையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனான். மனைவி என் இடுப்பு பெல்ட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். குட்டியின் இரண்டு கால்களையும் நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன்.

"அப்பா, தண்ணி என் காலைத் தொடுது."

"தொடட்டும்டா கண்ணு. முடியைக் கெட்டியா பிடிச்சுக்கோ."

"உனக்கு வலிக்குமே."

"வலிக்கட்டும். விட்டுடாதே."

நட்டநடுவில் பின்னாலிருந்து ஒரு கை என் சட்டையைப் பற்றியது. நகர முடியவில்லை. கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தேன். கேப்டன். தொப்பியைக் கடல் கொண்டுபோயிருந்தது.

"மாமா, நடங்க."

"கால் எங்க இருக்குன்னே தெரியலை மாப்பிள்ளை" என்றார், காற்றுப் போன குரலில். "நீங்க போங்க."

என் இரண்டு கையிலும் குழந்தை. அவரை இழுக்க என்னிடம் கை இல்லை. தண்ணீர் என் மார்புக்கு வந்துவிட்டது. மனைவி என் பெயரைச் சொல்லி அலறினாள்.

"மாமா, நான் எப்படிப் போறது? எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னேனே! நீங்க பின்னால இருந்து தள்ளினாத்தான் போவேன். தள்ளுங்க மாமா!"

அப்புறம் முதுகில் ஒரு உந்தல். இன்னொரு உந்தல். "போங்க... போங்க மாப்பிள்ளை... நான் இருக்கேன்ல" என்று பல் கிட்டித்தபடி சொல்லிக்கொண்டே தள்ளினார். அவர் தள்ளத் தள்ள அவர் கால்களும் வந்தன. மார்பு, இடுப்பு, முழங்கால். கரை மணல் முகத்தில் ஒட்டியபோதுதான் நான் விழுந்துவிட்டதே எனக்குத் தெரிந்தது. குட்டியின் பாதங்களைத் தடவித் தடவிப் பார்த்தேன். அவள் கூச்சத்தில் சிரித்தாள்.

"ஏண்டா, பெத்த அம்மா கழுத்தையா இப்படிப் பிடிச்சுத் தொங்குவ?" என்று அத்தை மச்சானைக் கேட்டார். யார் யாரைக் கரை சேர்த்தார்கள் என்பது அதில் விளங்கியது.

கேப்டன் சட்டையைப் பிழிந்தார். தொண்டையைச் செருமினார். "நல்ல வேளை, நேரத்துல திருப்பிட்டேன்" என்றார். யாரும் மறுக்கவில்லை.

ராத்திரி கூடம் நிறைய விருந்தாளிகள். பல்புகள் மின்ன, கேக் வெட்டினார்கள். கேப்டன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கதை சொன்னார். கதையில் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது, நான் சின்னவனாகிக்கொண்டே போனேன். "குழந்தை மாதிரி அழுதுட்டாரு, பாவம். முதுகுல கை வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தேன்." விருந்தாளிகள் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். மடியில் தூங்குகிறவளின் பாதம் காய்ந்துதான் இருக்கிறதா என்று நான் மறுபடி தொட்டுப் பார்த்தேன். எத்தனையாவது தடவையோ.

உற்சாகத்தில் கேப்டன் மேஜையைத் தட்டினார். "நாளைக்கு எல்லாரும் மலைக்கு! உச்சிப் பாறை வரைக்கும்!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது போலிருந்தது. கேக் வெட்டிய அத்தையின் கத்தி நின்றது. மச்சான் என்னைப் பார்த்தான். மேஜைக்கடியில் மனைவி என் காலை மிதித்தாள். கேப்டன் யாரையும் பார்க்காமல், மேஜை விரிப்பில் உதிர்ந்த கேக் துகள்களை விரலால் ஒன்றாகக் கூட்டினார்.

"மாப்பிள்ளை" என்றார் மெதுவாக. "உங்களுக்கு... பயம் கியம் ஒண்ணும் இல்லையே?"

"இருக்கு மாமா. உயரம்னாலே எனக்கு உயிர் போயிடும்."

அவர் விருந்தாளிகளைப் பார்த்துக் கையை விரித்தார். "என்ன பண்றது, சொல்லுங்க? வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. அவருக்காகப் பாக்க வேண்டியிருக்கு."

அத்தை கத்தியை மறுபடி இறக்கினார். மச்சான் தண்ணீர் குடித்தான். கேப்டன் பெரிய துண்டு கேக்காகப் பார்த்து எடுத்து என் தட்டில் வைத்தார். வைக்கும்போது கை தவறிப் பாதி விரிப்பில் உதிர்ந்தது. அதை யாரும் பார்க்காதபடி என் தட்டைச் சட்டென்று அதன்மேல் நகர்த்திக்கொண்டேன்.