குழாய் மூடியாச்சு

வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் அக்கா கடைசியாகச் சமையலறைக்குப் போய், குழாயை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் வருவாள். அது லேசுப்பட்ட குழாய் இல்லை. சும்மா திருகினால் சொட்டிக்கொண்டே இருக்கும். முழுக்கத் திருகி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி ஓர் அழுத்து அழுத்தினால்தான் வாயை மூடும். அந்த வித்தை அவள் கைக்கு மட்டுமே வந்தது. தம்பி லிஃப்ட் மெக்கானிக். எத்தனையோ மாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளை அடக்கியவன், இந்தக் குழாயிடம் மட்டும் தோற்றுப்போவான். "தள்ளுடா, பெரிய மெக்கானிக்கு" என்று அவனை ஓரங்கட்டிவிட்டு அவளே மூடுவாள்.

"குழாய் மூடியாச்சு. கிளம்பலாம் தம்பி, வா."

துணிக்கடைக்குப் போனாலும் சரி, சாவு வீட்டுக்குப் போனாலும் சரி, இதே பேச்சுதான்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவன் அரை டிராயர் போட்டுக்கொண்டிருந்தான். அக்கா ஒரு பேக்கரியில் தட்டுக் கழுவி அவனை ஆளாக்கினாள். உனக்கென்று ஒரு குடும்பம் வேண்டாமா என்று கேட்டவர்களிடம், "இந்தக் குரங்க யாரு மேய்க்கிறது?" என்று சிரித்தே வாயடைத்தாள். குரங்கும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார்கள்.

அப்புறம் அக்காவுக்கு மறதி வந்தது. முதலில் கண்ணாடியைத் தேடினாள், பிறகு கிழமையைத் தேடினாள். அதற்குப் பிறகுதான் குழாய். திறந்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவாள். தொட்டி நிரம்பி, தரை நிரம்பி, கீழ்வீட்டுத் தையல்காரம்மாவின் மேசை மேல் ஒழுகும். அந்த அம்மா தங்கமான மனுஷி, தம்பி வேலைக்குப் போனால் அக்காவை அவ்வப்போது வந்து எட்டிப் பார்ப்பவள். அவளே ஒருநாள் நனைந்த துணிகளோடு வந்து நின்றாள்.

"நான் கோவிச்சுக்கல தம்பி. ஆனா இது ஊரார் துணி. நான் என்ன பதில் சொல்றது?"

வீட்டுக்காரர் அவ்வளவு பதமாகப் பேசவில்லை. இன்னொரு தடவை தண்ணீர் இறங்கினால் ஒன்று வீட்டைக் காலி பண்ணு, இல்லை அக்காவை ஏதாவது முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விடு என்றார். தம்பி ஏற்கெனவே அப்படி ஓர் இல்லத்தைப் போய்ப் பார்த்திருக்கிறான். அங்கே வரிசையாகக் கட்டில்கள் கிடந்தன. எல்லோரும் சுத்தமாக இருந்தார்கள், யாரும் யாரையும் திட்டவில்லை.

வேலைக்குப் போகும்போது தண்ணீரின் மெயின் வால்வை அடைத்துப் பார்த்தான். அக்கா சொம்போடு வீடு வீடாகக் கதவைத் தட்டி, தொண்டை வறளுகிறது என்று அழுதிருக்கிறாள். அந்த யோசனை அதோடு போயிற்று.

அப்போதுதான் சென்சார் குழாய் நினைவுக்கு வந்தது. கையை நீட்டினால் தண்ணீர் வரும், எடுத்தால் நின்றுவிடும். லிஃப்ட் கதவில் கை குறுக்கே வந்தால் கண்டுபிடிக்கும் அதே சமாசாரம்தான், அவனுக்கு அத்துப்படி. லீவு நாளில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தான். பழைய குழாயைக் கழற்றி ஒரு வாளிக்குள் போட்டான். பேட்டரிப் பெட்டியைச் சுவரில் பொருத்தினான். பளபளவென்று வளைந்து நின்ற புதுக் குழாயின் அடியில் அக்காவின் கையைப் பிடித்து நீட்டினான். தண்ணீர் கொட்டியது. கையை இழுத்ததும் நின்றது.

"அடப்பாவி," என்று அக்கா சிரித்தாள். "எவன்டா உள்ள உக்காந்திருக்கான்?"

அவளை அப்படிச் சிரிக்கப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. இனி வீட்டுக்காரர் வாயைத் திறக்க முடியாது, அக்கா எங்கேயும் போக வேண்டாம். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினான், பாவம்.

அவன் தண்ணீரைத்தான் நினைத்தான். அவள் கையை நினைக்கவில்லை.

மறுநாளே அக்கா கைப்பிடியைத் தேட ஆரம்பித்தாள். அது இருந்த இடத்தில் விரல்களைக் குவித்துக் காற்றைத் திருகினாள். சுவரைத் தடவினாள். அவன் சொல்லிக்கொடுத்தான், தலையாட்டினாள், மறுபடி காற்றைத் திருகினாள். போதாக்குறைக்கு, தட்டை எடுத்துக்கொண்டு குறுக்கே போனால் தண்ணீர் தானாக ஊற்றியது. "யாரோ தொறக்குறாங்க" என்று நடுங்கினாள். கொஞ்ச நாளில் சமையலறைப் பக்கமே வருவதை விட்டுவிட்டாள். கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை. வீட்டுக்காரர் மாடிப்படியில் அவனைப் பார்த்து முதுகில் தட்டினார்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது அக்கா கூடத்து நாற்காலியின் நுனியில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றாள்.

"தம்பி, உங்க வீட்ல ரொம்ப நாள் இருந்துட்டேன். நீங்க நல்லா பாத்துக்கிட்டீங்க. நான் எங்க வீட்டுக்குப் போகணும்."

தம்பி என்றுதான் சொன்னாள். கடையில் சில்லறை கேட்கும்போது எதிரே நிற்பவனைக் கூப்பிடும் தம்பி.

"இதான்க்கா நம்ம வீடு."

"இல்லைங்க. எங்க வீட்டுக் குழாய்க்குக் கைப்பிடி இருக்கும். வரும்போது மூடினேனான்னு தெரியல."

அவன் சட்டையைக்கூட மாற்றவில்லை. வாளியை இழுத்தான், தொட்டிக்கு அடியில் புகுந்தான். வீட்டுக்காரர் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், தெருவில் நின்றாலும் சேர்ந்து நிற்கலாம். அவசரத்தில் ஸ்பேனர் இரண்டு தடவை முகத்தில் விழுந்தது. புதுக் குழாயைப் பிடுங்கி மூலையில் போட்டுவிட்டுப் பழையதை அதன் இடத்தில் முடுக்கினான். தண்ணீரைத் திறந்தான். அது தன் புத்தியைக் காட்டிச் சொட்டியது.

"அக்கா, இங்க வந்து பாரேன்."

அவள் தயங்கித் தயங்கி வந்தாள். சத்தத்தைக் கேட்டாள். பையைத் தரையில் வைத்தாள். அவனை இடித்துத் தள்ளிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள். முழுக்கத் திருகி, கொஞ்சம் தளர்த்தி, ஓர் அழுத்து. சொட்டுவது நின்றது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"குழாய் மூடியாச்சு," என்றாள். "கிளம்பலாம் தம்பி."

அவன் அடுத்த சொல்லுக்காக நின்றான்.

"வாங்க," என்றாள்.

அவன் அழுதான். அவள் கண்ணில் அது படவில்லை, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அவனும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு கூடவே இறங்கினான். தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. அவள் வேகமாக நடந்தாள்.

"மெதுவா போங்க," என்றான். "வீட்ல யாரு இருக்காங்க?"

"என் தம்பி. சரியான குரங்கு. நான் போகலேன்னா சாப்பிடாம உக்காந்திருப்பான்."

"அப்போ சீக்கிரம் போயிடலாம்," என்று அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான்.