அலகு குத்தவிருந்த கன்னம்

அந்த அரசாங்கப் பல் கிளினிக்கில் இருப்பதே இரண்டு நாற்காலி. அதில் ஒன்று பழுதாகி மாதக்கணக்காகிறது. கூட இருக்கும் டாக்டரோ பிள்ளைகள் பல்லைப் பார்க்கப் பள்ளிக்கூட வேனில் தோட்டம் தோட்டமாகப் போய்விடுவார். மிச்ச ஜனமெல்லாம் டாக்டர் அகல்யாவின் தலையில்தான். வெளியே நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் அவளுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட மனம் வராது.

அப்படியொரு காலையில்தான் செம்பனைப் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டும் தனபாலன் வீங்கிய கன்னத்தோடு வந்தார். பல்லடியில் சீழ்.

"இப்பவே புடுங்க முடியாதுண்ணே. இந்த கேப்சூல நேரத்துக்குச் சாப்பிடுங்க. வீக்கம் வத்துனதும் வாங்க."

அவர் வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் அடுத்த ஆள் உட்கார்ந்தாயிற்று. மலாய்க்கார மாக்சிக், வயதான அம்மா. அவருக்கும் அதே கேப்சூல்தான்; அது ஹலாலா என்று கேட்டார். "ஹலால்தான் மாக்சிக், மேல்கூடு மாட்டுத்தோல்ல செஞ்சது" என்று அகல்யா மலாயில் சொன்னாள். தினமும் சொல்வதுதான், வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிடும்.

மூன்றாம் நாள் தனபாலனை அவர் மனைவி புனிதா கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கிக் கழுத்தைப் பிடித்திருந்தது. வாயில் ஒரு விரல்கூட நுழையவில்லை. மூச்சை அடைத்தால் ஆளே போய்விடுவார்.

"மருந்து சாப்டீங்களா இல்லியா?"

தனபாலன் கூரையைப் பார்த்தார். புனிதாதான் சொன்னாள். "ஒண்ணுகூட சாப்பிடல டாக்டர். தைப்பூசத்துக்கு அலகு குத்துறாரு, விரதம். மாட்டுத்தோலுன்னு நீங்கதான் அந்த மாக்சிக்கிட்ட சொன்னீங்களாம்."

அகல்யாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"நீங்க பிஸியா இருந்தீங்க" என்றார் தனபாலன், பல்லிடுக்கு வழியே.

அகல்யா மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஆம்புலன்ஸ் கேட்டாள்.

"அங்க மருந்த நரம்புல ஏத்துவாங்க. அதுல மாடும் இல்ல, ஒண்ணும் இல்ல. போறீங்களாண்ணே?"

"அலகு?"

"இந்த வருஷம் பால்குடம் எடுங்க. கன்னம் இருந்தாத்தான அடுத்த வருஷம் குத்த முடியும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

ஆம்புலன்ஸ் போனபிறகு அகல்யா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். சோறு, தவ்கூ என்னும் சோயாக்கட்டிப் பிரட்டல். தைப்பூசத்துக்கு அவளும் விரதம்தான். பைக்குள் கரண்டியைத் துழாவியபோது வைட்டமின் கேப்சூல் டப்பா கையில் தட்டுப்பட்டது. விரதம் தொடங்கிய நாளிலிருந்து, தினமும் காலையில் சாமி கும்பிட்டுவிட்டு, அதில் ஒன்றை விழுங்கிவிட்டுத்தான் அவள் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.