நான் நின்ற வரிசை

எனக்கு எழுத்து வந்தபோது வயது நாற்பத்தொன்று. அதுவரை எதற்கும் கைநாட்டுதான்.

சொல்லிக்கொடுத்தவர் கபுகோ டீச்சர். ஞாயிறு பூசை முடிந்ததும் உப்பேரிக் கரையில் எங்களை உட்காரவைத்து, எங்கள் கொன்சோ மொழியிலேயே எழுதப் பழக்கினார். உப்புப் பாத்தி வேலைச் சொற்களை எங்களிடம் கேட்டுக் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்வார். உப்புத் தின்ற காலில் வரும் புண்ணுக்கு எங்களிடம் ஆறு பெயர் இருக்கிறது என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்தச் சொற்களை வைத்தே பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புக்கும் பாடம் நடத்தினார்.

என் மகள் பீரா அந்த வகுப்பில் இருந்தாள். சாயங்காலம் வந்தால் வாய் ஓயாது. என் முதுகில் விரலால் எழுதி, என்ன எழுத்து சொல்லு என்பாள்.

அந்த வருடம் ஏழாம் வகுப்புப் பரீட்சையில் எங்கள் பள்ளியில் ஒருவரும் தேறவில்லை. தலைமையாசிரியர் மசெரெக்கா பள்ளி முற்றத்தில் பெற்றோரைக் கூட்டினார். அவரும் எங்கள் மொழிக்காரர்தான்.

"பரீட்சை வர்றது இங்கிலீஷ்ல. இந்தம்மா கால் புண்ணுக்குப் பேரு சொல்லிக் குடுக்குது. வெளங்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டீச்சர் எழுந்தார். "தோத்த பிள்ளைங்க ஒருத்தரும் எங்கிட்ட படிச்சவங்க இல்ல. நான் வந்தே ரெண்டு வருஷந்தான். மூணாவது வரைக்கும் சொந்த மொழியில நடத்துன்னு கவர்மெண்டே சொல்லுது."

"கவர்மெண்டுல இருக்கிறவன் பிள்ள எதுல படிக்குதாம்?" என்றான் பக்கத்துப் பாத்தி கூலே. "இங்கிலீஷ் படிச்சுத்தான நீங்க நாற்காலில உக்காந்திருக்கீங்க? எங்க பிள்ளைங்க மட்டும் உப்புல ஊறணுமா?"

டீச்சர் ஏதோ சொன்னார். கூச்சலில் கேட்கவில்லை.

கடைசியில் சொந்த மொழிப் பாடம் வேண்டுமா வேண்டாமா என்று ஓட்டுக்கு விட்டார்கள். எங்கள் பக்கம் ஓட்டுக்குச் சீட்டு கிடையாது. யார் பக்கமோ அவர் பின்னால் போய் வரிசையாக நிற்க வேண்டும், எல்லோர் கண்ணெதிரிலும். தலைமையாசிரியர் ஒரு பக்கம் நின்றார், டீச்சர் ஒரு பக்கம். டீச்சருக்குப் பின்னால் முதலில் போனவள் விதவை மசிக்கா. அவளுக்குப் பள்ளியில் பிள்ளையே இல்லை.

"என்ன தெம்போ, ஒன் வாத்தியாரம்மா பின்னால போகலையா?" என்றான் கூலே. "போ போ. உப்பு வெட்ட ஒனக்கும் ஒரு ஆளு வேணுமில்ல."

குனிந்து என் காலைப் பார்த்தேன். கணுக்கால் வரை தோல் வெந்து வெளுத்திருந்தது. பீராவின் கால் இப்படி ஆகக்கூடாது. நிமிர்ந்தபோது டீச்சர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை. நான் போய்த் தலைமையாசிரியர் வரிசையில் கூலேவுக்குப் பின்னால் நின்றேன். அவரிடம் எழுத்துப் படித்த பதினொரு பேரும் அந்த வரிசையில்தான் நின்றோம்.

அடுத்த மாதமே அவருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் முதல் நாளிலிருந்தே இங்கிலீஷ். பீரா கொஞ்ச நாள் அழுதாள். பிறகு அழவில்லை, பேசவும் இல்லை.

"இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

"தெரியலப்பா. எல்லாரும் எஸ்ங்கிறாங்க. நானும் எஸ்ங்கிறேன்."

இரண்டாம் வகுப்பிலேயே மூன்று வருடம் இருந்தாள். "இதுக்குப் படிப்பு ஏறாது, தெம்போ" என்றார் மசெரெக்கா.

இப்போது அவளுக்குப் பதினான்கு. விடிந்தால் என்னோடு பாத்தியில் இறங்குகிறாள். பிள்ளைகள் நல்லா இருக்கணும்னுதானே அன்னிக்கு நின்னோம் என்று கூலே அவ்வப்போது சொல்வான். அவன் மகனும் எங்களோடுதான் உப்பு வெட்டுகிறான்.

அன்று எந்த வரிசையில் நின்றாய் என்று பீரா என்னிடம் கேட்டதே இல்லை. கேட்க வேண்டியதும் இல்லை. முதல் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் அன்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.