முதுகுப் பக்கம்

சபாபதி அந்த நாற்காலியை மறுபடியும் கூடத்தின் நடுவுக்கு இழுத்துப் போட்டார். கொள்ளி போடுகிற மகன் பெட்டியின் தலைமாட்டில், வருகிறவர்கள் கைகொடுக்கத் தோதான இடத்தில் உட்கார வேண்டும் என்பது அவர் கணக்கு. யுகேந்திரன் எழுந்து நின்று சித்தப்பா செய்வதை முழுக்கப் பார்த்தான். பிறகு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், பிரிட்ஜுக்கும் மூலைச் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் போட்டு, முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.

காலையிலிருந்து இதே கூத்துதான். அக்கா யோகேஸ்வரி இருவர் பக்கமும் பேசவில்லை. விடியுமுன்பே செனாயிலிருந்து காரை ஓட்டி வந்தவள், வந்ததிலிருந்து அழவும் இல்லை. அழுவதற்கு வீட்டில் ஆள் நிறைய இருந்தார்கள். பெட்டிக்குள் அப்பா வீரமுத்து புது வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாகப் படுத்திருந்தார். வாழ்நாளெல்லாம் மூவாரிலிருந்து ஊர் ஊராக மேசை நாற்காலி ஏற்றிப்போய் இறக்கிய லோரிக்காரர் இவ்வளவு சுத்தமாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வெளியே கூடாரத்தில் பால் விடாத தே ஓ ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சடங்கு செய்ய வந்த பண்டாரம் காளிதாஸ் மண்பானையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, மகனைக் கொஞ்சம் கூப்பிடுங்கள், நடக்கிற விதத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். மின்சுடலையில் போய்த் தடுமாறக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். அப்பாவைச் சுற்றித் தோளில் பானையோடு நடக்க வேண்டும், நான் பின்னாலேயே வந்து ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தியால் ஒரு ஓட்டை போடுவேன், தண்ணீர் வடியும், கடைசியில் பானையைப் பின்பக்கமாகப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும், அவ்வளவுதான் என்று விளக்கினார். யுகேந்திரன் தலையாட்டினான். சொன்னதெல்லாம் அவனுக்குப் புரிந்தது.

புரிவது ஒன்று, உடம்பு கேட்பது இன்னொன்று. பானையைத் தோளில் வைத்து நடக்கத் தொடங்கியவன், காளிதாஸ் பின்னால் வந்ததும் நின்றான். தே ஓ குடித்துக்கொண்டிருந்தவர்கள், சடங்கு என்பதால் மரியாதைக்குப் பேச்சை நிறுத்தினார்கள். அந்த அமைதிதான் வினையாகிவிட்டது. காளிதாஸ் கத்தியின் பிடியால் பானையை லேசாகத் தட்டியதும் யுகேந்திரன் இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டு தரையில் குந்திவிட்டான். பானை சிமெண்டுத் தரையில் விழுந்து உடைந்தது.

அபசகுனம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். காளிதாஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேனில் இன்னொரு பானை இருக்கிறது என்றார். இந்தத் தொழிலில் உபரிப் பானை இல்லாமல் யார் வருவார்கள்?

சபாபதிக்கு வழி ஏற்கெனவே தெரிந்திருந்தது. தன் மகன் ராஜசேகரன் கொள்ளி போடட்டும், அவனும் மகன் முறைதான் என்றார். இவனை நாலு பேர் முன்னால் நிறுத்தி அண்ணன் மானத்தை வாங்க வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. சபாபதி எதையும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, அதுதான் அவரோடு பெரிய தொல்லை.

குந்தியிருந்தவன் எழுந்தான். யாரையும் பார்க்காமல், உடைந்த சில்லுகளைப் பார்த்துச் சொன்னான்.

"நான்தான் மகன். அப்பாவுக்கு நான்தான் போடுவேன்."

முப்பத்தைந்து வயதில் அவன் இத்தனை பேர் நடுவில் வாய்திறந்து ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அது இன்று அவனுக்குக் கிடைக்காமல் போனால், இனி எதையும் யாரிடமும் கேட்கமாட்டான். யோகேஸ்வரிக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது.

இத்தனைக்கும் தொடக்கம் ஒரு சிரிப்பில்தான் இருந்தது. முதலாம் வகுப்பில் சேர்த்த அன்று வீரமுத்து, எல்லாத் தகப்பன்மார்களும் வாத்தியாரிடம் சொல்வதையே சொன்னார்: கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதை உரித்துவிடுங்கள் சார். சொல்லிவிட்டுச் சிரித்தார். வாத்தியாரும் சிரித்தார். நடுவில் நின்ற பையன் சிரிக்கவில்லை. சொன்னவர்கள் வாசலைத் தாண்டுமுன் மறந்துவிடுகிற பேச்சு அது. யுகேந்திரன் எதையும் மறக்கிற பையன் இல்லை.

வகுப்பில் அவனால் ஒரு பக்கமாகப் பார்த்து உட்கார முடியாது. விசிறி கிறீச்சிட்டால் திரும்புவான், யாராவது பென்சிலை உருட்டினால் திரும்புவான், விரல்களை முகத்துக்கு முன்னால் ஆட்டிக்கொண்டே இருப்பான். வாத்தியார் அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார். கரும்பலகையைப் பார்த்து நிற்கவைத்துக் கணக்குப் போடச் சொல்வார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பூனைபோலப் பின்னால் போவார். பையன் திரும்பினால் டஸ்டரின் கட்டைப் பக்கத்தால் பிடரியில் ஒன்று விழும். திரும்பாவிட்டாலும் சில சமயம் விழும். அது விளையாட்டுக்கு. எப்போது விழும் என்று வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும், விழுந்ததும் கொல்லென்று சிரிக்கும். வாத்தியார் மோசமான மனிதர் இல்லை. நன்றாகப் பாடுவார், பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தருவார். இந்தப் பையனையும் திருத்திக்கொண்டிருப்பதாகத்தான் நம்பினார்.

நான்காம் வகுப்பில், அந்தப் பள்ளிக்குப் புது மேசைகள் இறக்க வீரமுத்துவின் லோரியே போனது. மேசையைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் வந்தவர் ஜன்னல் வழியே அந்த மருந்தைப் பார்த்தார். மேசையை அங்கேயே வைத்தார். உள்ளே போய் மகனின் கையைப் பிடித்து லோரிக்குக் கூட்டிவந்தார். சண்டை போடவில்லை. போட வாயில்லை. அனுமதி கொடுத்தவரே அவர்தானே.

அடுத்த பள்ளியில் யாரும் அவன்மேல் கை வைக்கவில்லை. ஆனாலும் போனது திரும்பவில்லை. பெரியவனான பிறகு ஜொகூர் பாருவில் ஒரு டாக்டரம்மா, இது ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். அது பிறவியில் வந்தது, இந்தப் பயம் அப்படி இல்லை, இது யாரோ கொடுத்தது என்று இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தும் சொன்னார். சொந்தக்காரர்கள் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, அவன் அப்படித்தான் என்று முடித்துவிட்டார்கள். அவன் வரிசையில் நிற்கமாட்டான். பஸ்ஸில் கடைசி இருக்கை காலியில்லை என்றால் ஏறமாட்டான். வேலை செய்யும் நாற்காலிக் கடையில் முதலாளி தவுக்கே அவனுக்கென்று ஒரு மூலையை ஒதுக்கியிருந்தார். அங்கே சுவரில் சாய்ந்தபடி நாற்காலிக் கால்களுக்கு உப்புத்தாள் தேய்ப்பான், அவன் தேய்த்த கால்களை இரண்டாம் தடவை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. சத்தம் அவனை ஒன்றும் செய்யாது. பின்னால் சத்தமில்லாமல் யாராவது வந்துவிட்டால், அதற்கப்புறம் நாள்கணக்கில் பேச்சிருக்காது.

வீரமுத்து மகனிடம் மன்னிப்பென்று எதுவும் கேட்டதில்லை. அந்தத் தலைமுறைக்கு அதெல்லாம் தெரியாது. தைப்பூசக் கடையில் ஒரு பித்தளை மணி வாங்கித் தன் சாவிக்கொத்தில் கட்டிக்கொண்டார், அவ்வளவுதான். வீட்டுக்குள் எங்கே போனாலும் அதை ஆட்டிக்கொண்டே போவார். கழிவறைக்குப் போகும்போதுகூட ஆட்டுகிறாரே, மாடா இவர் என்று அம்மா ராஜம்மா கேலி செய்வாள். நேற்றுச் சாயங்காலமும் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஆட்டிக்கொண்டுதான் வந்தார். வாசல்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்ட தம்பி சொன்னது இரண்டே வரி.

"மணி வந்துச்சு. அப்பா வரல."

யோகேஸ்வரி கூடத்துக்குள் போனாள். சாவி எங்கே என்று அம்மாவிடம் கேட்டாள். ராஜம்மா பெட்டியைப் பார்த்தாள். அண்ணனுக்குப் பிரியமான சாமான் அண்ணனோடு போகட்டும் என்று சபாபதிதான் காலையில் கைக்கடியில் வைத்தாராம். யோகேஸ்வரி குனிந்து அப்பாவின் கையைத் தூக்கினாள். ஜில்லென்று இருந்தது, கனத்தது. அடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தபோது மணி சின்னதாக ஒலித்தது. பிரிட்ஜ் ஓரத்துக்குத் திரும்பிப் போயிருந்த யுகேந்திரன் தலைநிமிர்ந்து பார்த்தான்.

"என்னா பாப்பா இது, பொணத்துக்கு வச்சத எடுக்கலாமா? குடும்பத்துக்கு ஆகாது லா," என்றார் சபாபதி. பின்னால் நின்ற பெண்களும் ஆமாம் என்றார்கள். சாவியை மறுபடி உள்ளே வைக்கக் கை நீட்டினார்.

காலையிலிருந்து சுருண்டு கிடந்த ராஜம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"விடுங்க தம்பி. அது அவருக்கு இல்ல. அவனுக்குக் கட்டுனது."

சபாபதி கையை இறக்கினார். அதற்குப் பிறகு சடங்கு முடியும்வரை அவர் ராஜசேகரன் பெயரை எடுக்கவில்லை.

மின்சுடலையில் காளிதாஸ் எதையும் துருவிக் கேட்கவில்லை. ஆட்டிக்கொண்டே நடக்க வேண்டும், நிறுத்தவே கூடாது என்று யோகேஸ்வரி சொன்னதும், கத்தியை வலக்கையிலும் சாவிக்கொத்தை இடக்கையிலும் பிடித்துக்கொண்டார். யுகேந்திரன் பானையைத் தோளில் ஏற்றினான். மணி பின்னால் கிளம்பியது. அவன் நடந்தான். முதல் ஓட்டை விழுந்தபோது தோள் தூக்கிப்போட்டது, தண்ணீர் முதுகில் வழிந்தது. பிடரிக்கு எழுந்த ஒரு கை பாதியில் நின்று, திரும்பப் பானைக்கே போயிற்று. அடுத்த சுற்றில் கை எழவில்லை. கடைசிச் சுற்றில் அவன் நடை காளிதாஸைவிட நிதானமாக இருந்தது. அப்போதுதான் யோகேஸ்வரிக்கு அழுகை வந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

பானை பின்பக்கம் விழுந்து உடைந்தது. பெட்டி உள்ளே போயிற்று, இரும்புக் கதவு மூடியது.

"அப்படியே போயிடுங்க தம்பி. திரும்பிப் பாக்காதீங்க," என்ற காளிதாஸ் சாவிக்கொத்தை யோகேஸ்வரியின் கையில் கொடுத்தார்.

யுகேந்திரன் வாசலை நோக்கி நடந்தான். சனம் மொத்தமும் அவனுக்குப் பின்னால் நின்றது, யாரும் பேசவில்லை. பாதி வழியில் அவன் நின்றான். வழக்கமாக அந்த இடத்தில் அவன் கழுத்து திரும்பும். திரும்பவில்லை. ஈரச் சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, கைகளைத் தொங்கவிட்டபடி வெயிலைப் பார்த்து நின்றான். சபாபதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். யோகேஸ்வரி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

தம்பி எதற்காக நிற்கிறான் என்று அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

உள்ளங்கையைத் திறந்து சாவிக்கொத்தை ஆட்டினாள். அவன் நடக்கத் தொடங்கினான்.